தற்காலிகப் பெயர்

ராத்திரி கொடாப்பிலிருந்து வந்த சத்தத்தைக் கோழியின் சத்தமென்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை. இழுப்புநோய்க்காரர் ஒருவர் மூச்சுக்குத் திணறுவது போலிருந்தது. காலையில் பார்த்தால் வெள்ளைப்பெட்டை கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. அடியில் பச்சையும் வெள்ளையுமாய் எச்சம். 'கொள்ள வந்துட்டுது' என்றாள் அம்மா. அதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பது நாள் முன்புதான் வெள்ளிமலை போய்க் கச்சிராயபாளையம் வழியாகத் திரும்பினேன். மலையில் ஒரு வீட்டில் சேவல் ஒன்று வாங்கினேன். அதன் நிறத்தில் மயங்கியதுதான் காரணம். புதிதாய் வந்ததை இரண்டு வாரமாவது தனியே அடைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல; நோய் உள்ளே நுழைந்து வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது. சேவலை அன்றைக்கே மற்றவற்றோடு விட்டேன்.

பதினான்கில் இரண்டு மிஞ்சின. ஒன்றுக்குக் கழுத்து திருகிப்போயிற்று. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்த நேரம் போக, நான் செய்தது வழக்கம்போல வாசிப்பு.

1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கமும் இந்த நோயைக் கண்டார்கள். 1927இல் அதை விவரித்த டாயில், அறிகுறியை வைத்துப் பெயரிட்டால் வேறு நோயோடு குழம்பும் என்று, இப்போதைக்கு இருக்கட்டுமென ஊர்ப்பெயரை வைத்தார். அந்த 'இப்போதைக்கு' இன்னும் முடியவில்லை. இந்தியாவில் குமாவூன் மலையின் ராணிக்கேத்தில் கண்டதால் நமக்கு ராணிக்கெட். தடுப்பு மருந்து தயாராவதோ ராணிப்பேட்டையில், 1932இலிருந்து அங்கிருக்கும் அரசு நிலையத்தில். இரண்டு ஊரையும் ஒன்றாகக் கேட்கும் காதை நான் குறைசொல்ல மாட்டேன்.

அம்மாவின் சொல் இவற்றைவிட மேல் என்று முதலில் நினைத்தேன். சாவையும் திருட்டையும் ஒரே சொல் சொல்கிறது. பிறகுதான் உறைத்தது: கொள்ளையடித்தது யார் என்று அதுவும் சொல்வதில்லை. எல்லாப் பெயரும் வேறெங்கோ கைகாட்டுகின்றன. ஒன்றாவது என் வாசலைக் காட்டவில்லை.

வந்தபின் இதற்கு மருந்தில்லை. வருமுன் உண்டு: முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மருந்து ஐஸிலேயே இருக்கவேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கானது. கரைத்துவிட்டால் ஓரிரு மணிக்குள் போட்டுத் தீர்க்கவேண்டும். பத்துக்கோழிக்காரன் தனியே தப்ப வழியில்லை. தெருவே சேர்ந்து வரவேண்டும். நோயும் அப்படித்தான், மூச்சிலும் எச்சத்திலும் செருப்பிலுமாகத் தெரு முழுக்கப் போகிறது.

பக்கத்து வீட்டு அத்தைக்கு ஏழு கோழி. முட்டை விற்ற காசில்தான் அவளுக்கு வெற்றிலை, மாத்திரை. ஏழும் போனபின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்:

'எங்கேருந்துடா வந்துது இது?'

'மலையிலேருந்து வந்திருக்கும் அத்தை.'

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் முழுக்கப் பொய். மலைக்காரர்கள்மேல் பழிபோடுவது கல்வராயன் அடிவாரத்துக்குப் பழகிய காரியம். கீழிருந்து மேலே போன நோய்களை இங்கே யாரும் எண்ணிவைப்பதில்லை. 'ஆமாமா, அங்கேருந்துதான் வரும்' என்று அவளும் ஒத்துக்கொண்டாள். அந்த ஒப்புதல் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதுதான் சங்கடம்.

சேவலிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. இந்தச் சந்தேகத்தின் நிழலில் நான் சில மாதங்கள் ஒதுங்கியிருந்தேன். பிப்ரவரியில் ஊசி முகாம் போட்டபோது மிஞ்சிய இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். அத்தை வரவில்லை. கொண்டுவர அவளிடம் ஒன்றுமில்லை.

இதை எழுதியாயிற்று. படிக்கப்போகிற சிலரில் ஒருவர்கூட எங்கள் தெருவில் இல்லை. அத்தைக்கு எழுத்தும் தெரியாது. ஆகவே இது ஒப்புக்கொண்டதாக ஆகாது. கழுத்து திருகிய பெட்டை இப்போது அடையில் இருக்கிறது. குஞ்சு பொரித்ததும் நாலைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போகவேண்டும். குஞ்சைக் கொடுப்பது சுலபம். கூடவே சொல்லவேண்டியதற்கு எனக்கு இன்னும் வாய் வரவில்லை.