கடவுள் குடிச்ச காப்பிக்கும் பில் உண்டு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அபத்தக் கதை எழுதப்போறேன், அதில் என்ன வேணா நடக்கலாம்தானேன்னு கேட்டிருக்கே. முதல்ல எங்க சிட்னி கெல்லிவில் கூத்தைக் கேளு.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வீட்டில் இலக்கியக் கூட்டம். பேர் வேண்டாம், வம்பு. கேசரி பிரமாதம். புதுசா எழுத வந்த ஒருத்தர் தன் கதையை வாசிச்சார். இங்கே மெட்ரோ ஸ்டேஷன்ல மீன் பாடுது, ரயில் பெட்டிக்குள்ள மணல் கொட்டுது, நிலா ரெண்டா உடையுது. "எதுக்குத் தம்பி மீன் பாடுது?"ன்னு ஒரு அக்கா கேட்டுட்டாங்க. "அபத்தத்துல காரணம் கேக்கக் கூடாது. நீங்க காம்யு படிக்கணும்"னார். அக்கா விடுவாங்களா? "காம்யு படிச்சிருக்கேன், மீன்தான் புரியலை!" சிரிப்பை அடக்க நான் சமையல்கட்டுக்கு ஓடிட்டேன்.

அக்கா கேட்டது நியாயம்டி. அபத்தத்தைப் பத்தி எழுதின பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1942-ல் எடுத்துக்காட்டின கிரேக்கப் புராண சிசிபஸ் ஒரே பாறையைத்தான் ஓயாம உருட்டறான். நாளுக்கொரு சாமானை உருட்டினா அது சர்க்கஸ்.

நம்ம புதுமைப்பித்தனைப் பாரு. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-ல் வந்தது. சென்னை பிராட்வே முனையில நின்னுக்கிட்டு பிள்ளை டிராமுக்கு எத்தனை காசு, எவ்வளவு மிஞ்சும்னு கணக்குப் போடறார். அங்கே கடவுள் வர்றார். வானம் பிளக்கலை, பூமாரி பெய்யலை. ரெண்டு பேரும் ஓட்டலுக்குப் போய்க் காப்பி குடிக்கிறாங்க. காப்பியில சிக்கரி இருக்குன்னு கடவுளுக்கே பிள்ளைதான் சொல்லித் தரார். தன்னோட வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கேக்கறார். நடந்த அதிசயம் ஒண்ணே ஒண்ணு, கடவுள் வந்தது. மத்ததெல்லாம் சில்லறைக் கணக்கு. சிரிப்பு அங்கேதான் இருக்கு, வலியும் அங்கேதான். கடைசியில கடவுளும் தேவியும் ஆடிக் காட்டறாங்க, வேலை கிடைக்கலை! இந்த ஊர்ல பிழைக்கக் கடவுளாலயும் முடியலைன்னு ஒரு பிரசங்கமும் இல்லாம சொல்லிட்டார் மனுஷன்.

1915-ல் வந்த ஒரு கதையில காஃப்காவும் இதையேதான் பண்ணினார். காலையில பூச்சியா முழிக்கிற கிரெகர் சாம்சாவுக்கு முதல் கவலையே ரயில் தப்பிப்போச்சேன்னுதான். ஆபீஸ் அவனை எப்பவோ பூச்சியாக்கிடுச்சு, உடம்பு கொஞ்சம் லேட்.

பக்கத்திலேயே ஒரு உதாரணம் சொல்றேன். மெல்பேர்ன் நோயல் நடேசன் மாட்டு டாக்டர், ஆட்டு டாக்டர், பூனை டாக்டர் எல்லாம். அவரோட 'அசோகனின் வைத்தியசாலை' நாவல்ல கொலிங்வூட்னு ஒரு பூனை பேசுது. ஆனா ஆஸ்பத்திரி அசல் ஆஸ்பத்திரி. அங்கே வேலைக்குச் சேர்ந்த இலங்கைத் தமிழ் டாக்டரும் நம்மளை மாதிரிதான். வெள்ளைக்காரங்க நடுவுல புதுசா வேலைக்குப் போனவங்களைக் கேட்டுப் பாரு, பூனை பேசினா ஆறுதல்தான்னு சொல்வாங்க.

நம்ம மீன்காரர் இடம் நல்லாத்தான் பிடிச்சார். எங்க மெட்ரோ ஸ்டேஷன்ல 2019-லிருந்து டிரைவரே இல்லாத ரயில் ஓடுது. அதுல ஏற வந்த எமனை, ஓப்பல் பயண கார்டுல காசில்லாம கேட்டில நிக்க வெச்சிருந்தா அந்த அக்காவே கைதட்டியிருப்பாங்க.

அதனால உன் கதையில தாத்தா பறக்கட்டும், தடையில்லை. ஆனா அந்த ஒண்ணோட நிறுத்திக்கோ. அவர் பறந்ததும் பாட்டி என்ன திட்டினா, பென்ஷன் ஆபீஸ்ல என்ன சர்டிபிகேட் கேட்டாங்கன்னு எழுது. எழுதினதும் முதல் பிரதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் கெல்லிவில்காரி