மகளின் முதல் பை

பூவரசங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு வேலைக்குப் போகும் தாய் நான். 84 வேலை நாள் பிரசவ லீவு முடிந்ததும், நான்கு மாத மகளைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட வேண்டியதாயிற்று.

முந்திய இரவே பையை அடுக்கினேன். ஆறு சட்டை, தொப்பி, பவுடர், கிலுகிலுப்பை! விடியற்காலையில் கறந்த தாய்ப்பாலையும் ஒரு போத்தலில் ஊற்றிச் செருகிவிட்டேன். பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. "தங்கச்சி, பால் மணம் மாறிப்போச்சு. பிள்ளை பசியில அழுது." அரைநாள் லீவு போட்டு ஓடினேன். ஆசையாய் அடுக்கிய பையில் அவள் பசிக்கு ஒன்றுமில்லை.

"பால்மா கரைச்சுக் குடுத்தா என்ன மகள்?" என்றார் உம்மா. முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும் என்பதை விட எனக்கு மனமில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டேன். கறந்த பால் 25 பாகை செல்சியஸ் வரை 4 மணித்தியாலம் தாங்குமாம். நம் ஊர் வெயிலுக்கு அவ்வளவும் தாங்காது. ஐஸ் கட்டிகளுடன் குளிர்ப்பெட்டியில் வைத்தால் 24 மணித்தியாலம் இருக்கும். அடுப்பில் காய்ச்சாமல், வெதுவெதுப்பான நீரில் போத்தலை வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். குடித்த மிச்சத்தை 2 மணித்தியாலத்துக்குப் பின் கொடுக்கக் கூடாது.

இப்போது என் பையில் கறந்த நேரம் எழுதிய சிறு போத்தல்கள், பால் புகட்டக் கோப்பை, மூன்று மாற்றுச் சட்டை, துணி நப்கின்கள், ஈரத்துணிக்கு ஒரு பை, என் தொலைபேசி எண். எல்லாவற்றிலும் அவள் பெயர்.

சகோதரிகளே, கிலுகிலுப்பைக்கு இடமில்லாவிட்டாலும் பாதகமில்லை. ஐஸ் கட்டிக்கு இடம் வையுங்கள்.