கைப்பிடிச் சுவர்

தன் கையே தனக்குதவி என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டில் சிறு பழுது நேர்ந்தால் ஆள் தேடி அலையாமல் நாமே சரிசெய்துகொள்வது சிக்கனம். அதில் ஒரு மனநிறைவும் உண்டு. நாசரேத்தூர்த் தச்சரான சூசையப்பரைப் பாதுகாவலராகக் கொண்டாடும் நமக்குச் சுத்தியலும் திருப்புளியும் எடுப்பது இழிவன்று. ஆனால் எந்தப் பழுதுக்கு நம் கை போதும், எதற்குத் தொழில் அறிந்தவரை அழைக்க வேண்டும் என்று பகுத்துணர்வதும் அதே அளவு தேவையான அறிவாகும்.

நாம் வாழும் ஆர்.கே.பேட்டை நெசவாளர் ஊர். விசைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளரே முடிந்துகொள்கிறார். நாடா சிக்கினாலும் அவர் கையே போதும். மோட்டார் புகையத் தொடங்கினாலோ, சுவிட்சை நிறுத்திவிட்டு மின்வேலை அறிந்தவருக்கு ஆள் அனுப்புகிறார். அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலை அவருக்கும் உண்டு. ஆயினும் இழையில் நேரும் தவறு துணியைக் கெடுக்கும், மின்சாரத்தில் நேரும் தவறு ஆளைக் கொல்லும் என்பதை அவர் அறிவார்.

வீட்டுப் பழுதுகளுக்கும் இதுவே நல்ல அளவுகோல். குழாயில் தேய்ந்த வாஷரை மாற்றலாம். தவறினால் சிறிது தண்ணீர் வீணாகும். கதவின் கீலை முடுக்கலாம். தவறினால் கதவு முனகும். ஆனால் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிட்டால், ஆபத்தை அறிவித்த காவலனின் வாயை அடைத்தவர்களாவோம். சுவரினுள் ஓடும் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும்வரை நமக்குத் தெரியாது. சமையல் எரிவாயு கசியும் நாற்றம் எழும்போதும், ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறப்பதோடு நம் வேலை முடிகிறது.

இவை அனைத்திலும் கொடியது கழிவுநீர்த் தொட்டி. 2019 மார்ச்சில் திருப்பெரும்புதூரை அடுத்த நெமிலியில், வீட்டு உரிமையாளர் ஒருவர் தம் தொட்டியைத் தாமே தூய்மைப்படுத்த முற்பட்டு நச்சுவாயுவால் மயங்கி விழுந்தார். அவரைக் காப்பாற்றச் சென்ற இரு மகன்களும், அவர்களுக்கு உதவ முன்வந்த மற்ற மூவரும் வீழ்ந்தனர். ஆறு உயிர்களும் பிரிந்தன. அன்பே அவர்களை ஒருவர் பின் ஒருவராக அங்கே இழுத்தது என்பதுதான் நெஞ்சைப் பிளக்கிறது.

மூடிய தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்குகின்றன. சல்பைடு சிறிதளவு இருக்கையில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நாம் எண்ணும் வேளையே சாவின் வேளையாகலாம்.

அப்படியானால் ஆள் வைத்துச் செய்தால் போதுமா? இங்கேதான் நம் மனச்சான்று விழித்திருக்க வேண்டும். 2023 மே முதல் நாள், நம் மாவட்டத்து மீஞ்சூரில், தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர் இருவர் மாண்டனர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்திய, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள் அது. நாம் இறங்க அஞ்சும் குழியில் ஓர் ஏழையைக் கூலிக்கு இறக்குவது வல்லுநரை அமர்த்துவதாகாது. நம் சாவை அவர் தலையில் சுமத்துவதாகும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமென்கிறது. முதன்முறை தவறினாலே இரண்டு ஆண்டுவரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உறிஞ்சு இயந்திரம் பொருத்திய லாரியை வரவழைத்து, எவரையும் உள்ளே இறக்காமல் வேலையை முடிப்பதே முறை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்துவந்தால், அடைப்பு முற்றி அவசரத்தில் தவறான வழியைத் தேட நேராது.

புது வீடு கட்டுவோன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். ஒருவர் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று காரணமும் காட்டுகிறது. கைத்தொழில் வல்லார் இன்றி நகரில் எவரும் குடியிருக்க இயலாது என்பது சீராக்கின் ஞானம் தரும் படிப்பினை. முன்னது வீட்டாரின் கடமை; பின்னது தொழிலாளரின் மாண்பு. இரண்டையும் சேர்த்து வாசிப்போருக்கு, பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவாகத் தோன்றாது. பழுதைத் தொடுமுன் "இதில் தவறினால் கெடப்போவது பொருளா, உயிரா?" என்று கேட்போம். உயிர் என்று விடை வந்தால், கற்றவரை அழைப்போம். கேட்கும் நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். அவரும் நலமாக வீடு திரும்புகிறாரா என்று பார்த்திருப்போம். நம் இல்லத்தைச் சுற்றி நாம் எழுப்ப வேண்டிய கைப்பிடிச் சுவர் இதுவே.