அப்பா கடைக் கணினியும் பூட்டிக்கிடந்த ஒரு கோப்பும்

செமஸ்டர் முடிந்த கையோடு ஒரு பதிவு. லினக்ஸ் என்றதும் ஓடிவிடாதீர்கள். நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. கணினித்துறைப் பக்கம் போவதே கேண்டீனுக்கு அதுதான் குறுக்கு வழி என்பதால். இது முழுக்க முழுக்க சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

எங்கள் மளிகைக்கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. 2 ஜிபி ராம். அப்பாவுக்கு அதில் இரண்டே வேலை: பாக்கிக் கணக்கு, தீபாவளிச் சீட்டு லிஸ்ட். இரண்டும் தமிழில். இ-கலப்பை போட்டு, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கும் முறையில் இரண்டு விரலால் வேகமாக அடிப்பார். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். நம்ம மெஷினுக்கு அதெல்லாம் ஆகாது. "லுபுண்டு போட்டுத் தர்றேன்ப்பா, பறக்கும்" என்றேன். விண்டோஸை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் போட்டேன். (லிஸ்ட்டையெல்லாம் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது.)

பறக்கத்தான் செய்தது. தமிழ்தான் வரவில்லை.

ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவி, அப்பா பழகிய அதே முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பயர்பாக்ஸில் அழகாகத் தமிழ் வருகிறது. லிப்ரே ஆபீஸ் கால்கில் ஆங்கிலம்தான். பெதர்பேடிலும் ஆங்கிலம்தான். அப்பாவிடம், "பயர்பாக்ஸ்ல மேல முகவரி அடிக்கிற இடத்துல பேரை அடிச்சு, வெட்டி இங்க ஒட்டிக்கங்கப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கணக்கு டேலி ஆகாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளுவோமே, அந்த மாதிரி வேலை.

மறுநாள் பேனா நோட்டு கவுண்டரில் வந்துவிட்டது. "என்னடா ஆச்சு?" என்று கேட்டவரிடம், "ராத்திரி கரன்ட் போச்சுல்லப்பா, அதான்" என்று ஒரு பொய். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால், இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். ஐபஸ் ஓடாமல் இருந்தால் பயர்பாக்ஸிலும் வந்திருக்காது. ஆக, ஐபஸ் நிரபராதி. பயர்பாக்ஸ் ஜிடிகே வகை. பெதர்பேட் க்யூடி வகை. லுபுண்டுவில் லிப்ரே ஆபீஸும் க்யூடி முகத்தோடுதான் வருகிறது. விசைப்பலகை எழுத்தை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இந்த இரண்டு வகைக்கும் தனித்தனிச் சூழல் மாறி சொல்கிறது. நான் பார்த்துச் செய்த குறிப்பில் ஜிடிகே வரி மட்டும்தான் இருந்தது. அது பழைய லுபுண்டுவுக்கு எழுதியது. அப்போது எல்எக்ஸ்டிஇ, ஜிடிகே காலம். 2018 அக்டோபரில் வந்த 18.10 பதிப்பில் லுபுண்டு எல்எக்ஸ்க்யூடிக்கு மாறிவிட்டது. குறிப்பை எழுதியவர் மேல் தப்பில்லை, தேதி பார்க்காத என் மேல்தான்.

சரி, விடை கிடைத்தாச்சு என்று அமர்வு அமைப்புகளைத் திறந்து, க்யூடி வரியைச் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்ளே வந்தேன். தமிழ் வரவில்லை. அமைப்பைத் திறந்தால் நான் சேர்த்த வரியே இல்லை! திரும்பச் சேர்த்தேன். திரும்பக் காணோம். ஐந்து தடவை. ஒரு எச்சரிக்கை கூடக் காட்டாமல் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் தூக்கிப் போட்டுவிடுகிறது.

இரவு பதினொன்றரைக்குத்தான் உருப்படியாக ஒன்று தோன்றியது. புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்துப் பார்த்தேன். அங்கே வரி அப்படியே நின்றது. கால்கில் 'அம்மா' வந்தது. அப்படியென்றால் லினக்ஸில் கோளாறு இல்லை, அப்பாவின் ஹோம் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. மறுபடி ஃபார்மட் அடிக்கிற எண்ணம் அந்த நிமிஷத்தில் போனது. உங்களுக்கும் டெஸ்க்டாப் குழம்பினால் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, ஒன்றும் அழியாது.

ஹோமுக்குள் புள்ளியில் ஆரம்பிக்கும் கோப்புறைகள் மறைந்திருக்கும். அதில் 'கான்ஃபிக்', அதற்குள் 'எல்எக்ஸ்க்யூடி', அதற்குள் 'செஷன் டாட் கான்ஃப்'. டெர்மினலில் எல்எஸ் கட்டளையை நீளப் பட்டியலாகப் போட்டேன். மற்ற எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் அப்பா. இந்த ஒன்றுக்கு மட்டும் ரூட்!

செய்தவன் நானேதான். முதல் நாள் ராத்திரி கணினியின் பொது அமைப்பிலிருந்து அந்தக் கோப்பை அப்பாவின் கோப்புறைக்குப் படியெடுத்து, ஜிடிகே வரியைச் சேர்த்திருந்தேன். அப்போது, தேவையே இல்லாமல், முன்னால் சுடோ போட்டிருக்கிறேன். எது வேலை செய்யாவிட்டாலும் சுடோ போடுவது என் வழக்கமாகியிருந்தது. சுடோவோடு படியெடுத்தால் கோப்பு ரூட்டுக்குச் சொந்தம். அப்பாவின் கணக்கு அதைப் படிக்கலாம், எழுத முடியாது. என் ஒரே தவறு, இரண்டாவது தவறைத் திருத்தவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. 'சௌன்' என்று ஒரே ஒரு கட்டளை. கோப்பு அப்பா பெயருக்கு வந்தது, க்யூடி வரி நின்றது, தமிழ் வந்தது.

காலையில் பெருமையோடு கடைக்குப் போனால், அப்பா எலக்ட்ரீஷியனோடு பேசிக்கொண்டிருக்கிறார். யூபிஎஸ் வாங்க! கரன்ட் போனால் கணினி கெட்டுப்போகுது என்று பையன் சொன்னானாம். அவர் சொன்ன விலைக்கு என் ஒரு செமஸ்டர் பரீட்சைக் கட்டணத்தையே கட்டிவிடலாம்.

எலக்ட்ரீஷியன் போன பிறகு, "அப்பா, கரன்ட்டெல்லாம் இல்லை, நான்தான் தப்பாப் பண்ணிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு நாளு நோட்டுல எழுதிட்டு சும்மா இருந்திருப்பேன்ல, எதுக்குடா பயந்துக்கிட்டு இருந்தேன் லிஸ்ட்டெல்லாம் போச்சுன்னு" என்றார். அவ்வளவுதான். சர்க்கரை நிறுக்கப் போய்விட்டார்.

இப்போது சீட்டு லிஸ்ட் கால்கில் தமிழிலேயே ஏறுகிறது. ஆனால் அந்த நோட்டை மட்டும் அவர் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. கணினியில் அடித்து முடித்ததும், அதிலும் ஒரு வரி எழுதிக்கொள்கிறார்.