தகர டிக்கெட்டும் சட்ட நூல்களும்

ஒரு பொருளின் அருமையை அதனை இழக்கும் தறுவாயிலேதான் மனிதன் உணர்கின்றான். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது, நானுஓயாவில் எங்கள் லயத்து அறையின் பெட்டிக்குள்ளே கிடந்த ஒரு சிறு வட்டத் தகடு.

என் பாட்டனாரின் தந்தையார் சிறுவனாய் மண்டபம் முகாமைக் கடந்து வந்தபோது கழுத்திற் கட்டிவிடப்பட்ட தகர டிக்கெட் அது. 1901ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அம்முறையின்படி, தகட்டிற் பொறித்த எழுத்தும் எண்ணும் ஆள் எத்தோட்டத்திற்கு உரியவர் என்பதைக் காட்டின. வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் ஏறியது. சென்ற விடுமுறையில், பழம்பொருள் வாங்கும் ஒருவர் லயத்திற்கு வந்து அதற்கு நல்ல விலை தருவதாகக் கூறினார். கூரை ஒழுகும் வீட்டில் வாழும் அப்பாயி அவ்விலையை மறுக்கவில்லை. "அடுத்த மாசம் வாங்க" என்று மட்டும் கூறியனுப்பினார்.

அந்த ஒரு மாதத் தவணையோடு பல்கலைக்கழக நூலகத்திற்குள் நுழைந்தேன். இத்தகைய பொருளைக் காக்கச் சட்டம் உண்டா என்பதே என் வினா. 'கலைச் சட்டம்' என்று தேடியபோது பயன் விளையவில்லை. "தம்பி, கலாசாரச் சொத்து, மரபுரிமை என்று தேடிப் பாரும்" என்றார் நூலக உதவியாளர். அதன் பின்னரே வழி திறந்தது. சட்டம் 340களில், நூதனசாலையியல் 069இல், வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு 363.69இல், தொல்லியல் 930இல் என ஒரே பொருள் நான்கு மூலைகளிற் சிதறிக் கிடந்தது. ஒரு நூலின் அடிக்குறிப்பு மற்றொரு நூலுக்கு வழிகாட்டியது.

கற்றவை மகிழ்ச்சி தரவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் தொல்பொருளுக்கு வகுத்த கால எல்லை 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். எம்மவர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதோ 1820களில்! எங்கள் வரலாறு முழுவதுமே அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம், அத்தகைய சொத்து நாட்டைவிட்டு வெளியேறுவதைக் கட்டுப்படுத்துவது. 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ சமவாயமோ, ஒவ்வோர் அரசும் குறித்துக் காட்டியவற்றையே கலாசாரச் சொத்து என்கிறது. 2023இல் நெதர்லாந்து திருப்பியளித்த லெவ்கே பீரங்கிக்காகக் குரல் கொடுக்க ஓர் அரசு இருந்தது. தகர டிக்கெட்டைக் குறித்துக் காட்டுவார் யார்?

ஆயினும், அந்நூல்கள் மற்றொரு பாடத்தையும் புகட்டின. எங்கிருந்து வந்தது, யார் கைமாறி வந்தது என்னும் சான்று இல்லாத பொருள் ஊமைப்பொருள். அச்சான்றை எழுதச் சட்டம் தேவையில்லை. ஒரு கொப்பி போதும்.

மாத முடிவில் ஊர் சென்று அப்பாயியின் அருகில் அமர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "ஏன்யா, இந்தத் தகரத்துக்கா இம்புட்டு எழுத்து?" என்று சிரித்தார். மூன்று பக்கங்கள் நிரம்பியதும் தகட்டைத் துடைத்து, அக்கொப்பிக்குள்ளே வைத்துப் பெட்டியை மூடினார். வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். கூரை இன்னும் ஒழுகுகின்றது, அக்கடன் என்னுடையது.

கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்திலே, பழைய லயமொன்றில் தேயிலைத் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை உண்டு. ஆனால், எல்லாப் பெட்டிகளும் அங்கே சென்று சேரா. மலையகத்து நண்பர்களே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கையிலே ஒரு கொப்பியும் இருக்கட்டும்.