அந்தப் பாட்டைப் பாடியது யார்?

ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் நடிகர்களும் பாடகர்களுமாக 720 பேருக்கு வேலை போகிறது என்று 2020 அக்டோபரில் அவர்களுடைய சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி அறிவித்தது. வேலையிழந்தவர்களின் கணக்கு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த பெருந்தொற்றுக் காலம் அது. ஆயிரங்களுக்கும் லட்சங்களுக்கும் நடுவே இந்தச் செய்தி பலர் கண்ணில் பட்டிருக்காது. என் மனதில் மட்டும் அது தைத்துக்கொண்டது. ராட்டினத்துக்கும் மிக்கி மவுஸுக்கும் பேர்போன ஓர் இடத்தில், பாடியும் ஆடியுமே குடும்பம் நடத்தியவர்கள் இத்தனை பேரா? அவர்கள் எந்த மேடையில் ஏறினார்கள், யார் கேட்க எதைப் பாடினார்கள்? ஆர்லாண்டோ பக்கம் குடியிருக்கும் நண்பனிடம் கேட்டபோது, “வர்றதுன்னா எப்காட் கலைத் திருவிழா சமயத்துல வாடா. பிராட்வேல பாடினவங்களே அங்க வந்து பாடுவாங்க” என்றான்.

டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் நான்கு தீம் பார்க்குகளில் எப்காட் ஒன்று. 1982 அக்டோபரில் திறந்தார்கள். நடுவே ஏரி, அதைச் சுற்றி ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அரங்கம். 2017 முதல் ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரியில் இங்கே கலைத் திருவிழா நடக்கிறது. ஏரிக்கரை நெடுக ஓவியக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். புகழ்பெற்ற ஓவியங்களின் பெரிய நகல்களுக்குள் நாமே போய் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எண் போட்ட கட்டங்களில் வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் வண்ணம் பூசி நிரப்பும் சுவர் ஒன்றும் உண்டு. இவற்றில் எனக்கு அவ்வளவாக மனம் ஒட்டவில்லை.

என்னை நிறுத்தியது தரை. நடைபாதையில் சாக்கட்டியால் ஓவியம் வரைகிற ஒரு பெண் முழங்காலுக்கு மெத்தைப் பட்டை கட்டிக்கொண்டு குனிந்திருந்தார். சாக்கைத் தரையில் ஒரு கோடு இழுப்பார், உடனே உள்ளங்கையின் ஓரத்தால் அதைத் தேய்த்துப் பரப்புவார். நிழல் விழ வேண்டிய இடத்தில் விரல் நுனி, வானம் வர வேண்டிய இடத்தில் முழுக் கை. கை நீலமாகிவிட்டிருந்தது. ஒரு மழை பெய்தால் எல்லாம் போய்விடும். ஆனாலும் அவர் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது; அதில் அவர் பெயர் எழுதியிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அமெரிக்க அரங்கத்துக்கு எதிரே ஏரிக்கரையில் உள்ள திறந்தவெளி மேடைக்குப் போனோம். ‘டிஸ்னி ஆன் பிராட்வே’ கச்சேரி அங்கேதான். திருவிழா தொடங்கிய ஆண்டிலேயே இதையும் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் டிஸ்னி தயாரித்த இசை நாடகங்களில் நடித்தவர்களை வரவழைத்து, அதே நாடகங்களின் பாட்டுகளைப் பாட வைக்கிறார்கள். பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் தனிக் கட்டணம் இல்லாமல் கேட்கலாம். உணவகத்தில் கச்சேரியோடு சேர்ந்த சாப்பாட்டுத் தொகுப்பை வாங்கியவர்களுக்கு இருக்கை உறுதி, மற்றவர்கள் முன்கூட்டியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் வரிசையில் நின்றோம்.

மேடையில் ஒன்றுமே இல்லை. காட்சித் திரை, வேடம், முகமூடி எதுவும் கிடையாது. பின்னால் ஒரு வாத்தியக் குழு, முன்னால் இரண்டு மைக். பாடகரும் பாடகியும் விருந்துக்குப் போகிற உடையில் வந்தார்கள். ஒலிபெருக்கியில் முதலில் வந்தது அவர்களுடைய பெயர். பிறகு எந்த நாடகத்தில் எந்த வேடம் என்பது. பாட்டுக்கு நடுவே அவர்கள் பேசினார்கள்: முதல் குரல் தேர்வுக்குப் போன கதை, வேடம் கிடைத்துவிட்டது என்று தொலைபேசி வந்த நாள். அரை மணி நேரம்தான். ஒலியமைப்பு எப்படி, திறந்தவெளியில் குரலை எப்படிச் சிதறாமல் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு எட்டாத வித்தை, அதை விட்டுவிடுகிறேன். மைக்கை ஒரு சாண் கீழே இறக்கிவிட்டு அந்தப் பெண் கடைசி வரியை உச்சத்தில் பிடித்தபோது, பக்கத்தில் இருந்தவர் தன் கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கசக்கிவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

இந்த மேடையில் பாடியவர்களில் ஒருவர் ஆல்டன் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒயிட். ‘லயன் கிங்’ நாடகத்தில் முஃபாசா என்ற சிங்க ராஜாவாக பிராட்வேயில் 4,000 தடவைக்கும் மேல் மேடையேறியவர். ஒரே வேடம், ஒரே பாட்டு, ஒரே சாவு, ஆண்டுக்கணக்கில். சின்சினாட்டியில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். முஃபாசாவாகப் பெயர் பெறுவதற்கு முன்பு, 1999இல் அவர் பிராட்வேயில் ‘ராக்டைம்’ என்ற இசை நாடகத்தின் நாயகன் கோல்ஹவுஸ் வாக்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிறவெறியர்களால் அவமதிக்கப்பட்டு, நீதி கேட்டு எங்கும் கிடைக்காமல் போகிற ஒரு கறுப்பினப் பியானோ கலைஞனின் வேடம் அது.

அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஜூலை மாதம் ஒருநாள், ஹார்லெமில் தான் குடியிருந்த கட்டடத்தின் வாசலிலேயே நியூயார்க் காவல்துறை அவரைப் பிடித்தது. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய், உடையைக் களைந்து சோதனை போட்டு, மணிக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அன்றைக்கு அவரால் மேடையேற முடியவில்லை. பிறகு ‘தி நேஷன்’ இதழில் தன் பெயரிலேயே இதை எழுதினார். பிராட்வே நாயகன் எழுதியதால் அது அச்சாகி நாடு படித்தது. அவரோடு பிடிபட்ட மற்றவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் என்பது ஒரு கலைஞனுக்கு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை. அநியாயம் நடந்தால் கேட்க அது ஒரு பிடிமானம். அடுத்த வேலைக்குச் சிபாரிசும் அதுதான்.

மறுநாள் அனிமல் கிங்டம் போனோம். அதுவும் டிஸ்னி வேர்ல்டின் பூங்காதான். ‘ஃபெஸ்டிவல் ஆஃப் த லயன் கிங்’ என்ற காட்சி, பூங்கா திறந்த 1998 முதல் அங்கே நடக்கிறது. 2014இல் ஹராம்பே பகுதிக்கு அரங்கம் மாறியது. நியூயார்க்கில் ஓடும் நாடகம் வேறு, இது வேறு. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1994இல் தொடங்கிய லயன் கிங் ஊர்வலத்தின் தேர்களை இங்கே கொண்டுவந்து, அவற்றைச் சுற்றிக் கட்டிய நிகழ்ச்சி. வட்ட அரங்கம், நான்கு பக்கமும் பார்வையாளர்கள், திரை கிடையாது. மறைப்பதற்கு இடமே இல்லாததால் வேலை முழுதும் கண் முன்னால் நடக்கிறது.

காதல் பாட்டு வருகிற இடம். பறவை வேடமிட்ட பெண்ணும் அவள் துணைவனும் ஆடுகிறார்கள். அவள் இடுப்பில் உடையோடு உடையாகத் தைத்த பட்டை. மேலிருந்து கம்பி இறங்குகிறது, கொக்கி மாட்டப்படுகிறது. பார்வையாளர்கள் அவளுடைய இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொக்கியைப் பார்த்தேன். மாட்டிய பிறகு சின்னதாக ஓர் இழுப்பு, பிடித்துவிட்டதா என்று. அந்த இழுப்பையும் ஆட்டத்தின் ஓர் அசைவாகவே செய்துவிட்டார்கள். அடுத்த நொடி அவள் தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தாள். அதற்கு முன்னால் குரங்கு வேடத்தில் வந்தவர்கள் டிராம்போலினில் எம்பிக் கம்பியைப் பிடித்து, விட்டு, மீண்டும் பிடித்தார்கள். பொய்க்காலில் நடந்தவர் ஒவ்வொரு காலடியையும் தரையில் ஊன்றிப் பார்த்துத்தான் உடல் பாரத்தை மாற்றினார். நெருப்பு சுழற்றியவருக்கு மணிக்கட்டு மட்டுமே அசைந்தது. ஒரே நாளில் இதைப் பல தடவை செய்ய வேண்டும்.

முன்னணியில் நான்கு பாடகர்கள். கியூமே, கிபிபி, நகாவா, ஸவாடி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். அவை பாத்திரங்களின் பெயர்கள். முந்தின நாள் ஏரிக்கரையில் கேட்டதற்கு ஒரு மாற்றுக் குறையாத குரல் அந்தப் பாடகிக்கு. வெளியே வந்ததும் நண்பனிடம், “அந்தப் பொண்ணோட நிஜப் பேரு என்னடா?” என்றேன். அவன் பூங்காவின் செயலியைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

“காட்சி நேரம் போட்டிருக்கு. உயரக் கட்டுப்பாடு இல்லைன்னு போட்டிருக்கு. பேரு போடலை.”

வாசலில் கையேடும் இல்லை. நியூயார்க் அரங்கில் யார் போனாலும் நடிகர், நடனக்காரர், மாற்று நடிகர் எல்லோர் பெயரும் அச்சிட்ட புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் உட்கார வைக்கிறார்கள்.

முந்தின நாள் பெயர் இருந்தது, வேடம் இல்லை. இங்கே வேடம் இருக்கிறது, பெயர் இல்லை. குழந்தைகளின் நம்பிக்கை கலையக் கூடாது, மிக்கி என்றால் மிக்கிதான் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். முகம் மூடிய மிக்கிக்கு அது பொருந்தும். முகத்தைக் காட்டி, சொந்தக் குரலில் பாடுகிறவருக்கு எப்படிப் பொருந்தும்? ‘லயன் கிங்’ நாடகத்தை பிராட்வேயில் இயக்கிய ஜூலி டேமர் இந்தோனேசியாவில் சில ஆண்டுகள் தங்கி முகமூடிக் கூத்தையும் பொம்மலாட்டத்தையும் கற்றவர். சிங்க முகமூடியை நடிகரின் முகத்துக்கு மேலே, தலையில் வைத்தார். மனித முகமும் மிருக முகமும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. 1997 நவம்பரில் தொடங்கிய அந்த நாடகம் இன்னும் ஓடுகிறது. முஃபாசா மனிதன் என்று தெரிந்தும் பிள்ளைகள் அவன் சாவுக்கு அழுகிறார்கள்.

டேமரோடு சேர்ந்து அந்த முகமூடிகளையும் பொம்மைகளையும் செய்த மைக்கேல் கரிதான், அனிமல் கிங்டத்தில் 2007இல் தொடங்கிய ‘ஃபைண்டிங் நீமோ’ இசை நாடகத்துக்கும் பொம்மை செய்தார். அந்த நாடகத்துக்குப் பாட்டு எழுதிய தம்பதி ராபர்ட் லோபஸ், கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸ். அடுத்த சில ஆண்டுகளில் ‘ஃப்ரோஸன்’ படத்துக்கு எழுதி உலகப் புகழ் பெற்றார்கள்; 2018இல் அதுவும் பிராட்வேக்குப் போனது. 1994இல் டிஸ்னியின் முதல் பிராட்வே நாடகமான ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’டை இயக்கிய ராபர்ட் ஜெஸ் ராத்தும் டிஸ்னி தீம் பார்க் மேடைக் காட்சிகளில் வேலை பார்த்து வந்தவரே. பிராட்வேக்கு ஆள் அனுப்பிய பட்டறைகளில் இந்தப் பூங்காக்களும் உண்டு. அப்படியிருக்க, பிராட்வேயிலிருந்து வருகிறவரை விருந்தாளியாகப் பெயர் சொல்லி வரவேற்று, இங்கேயே ஆண்டுக்கணக்கில் பாடுகிறவரைப் பெயரில்லாமல் விட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீமோ நாடகம் இப்போது வேறு வடிவத்தில், 2022 முதல், நடக்கிறது. அதில் மீனைக் கையில் ஏந்தி வருகிறவர்கள் மீனின் நிறத்திலேயே உடுத்தியிருக்கிறார்கள். ஒளிந்துகொள்வதில்லை. கோலின் நுனியில் பொம்மை மீன் திரும்பினால், அதைப் பிடித்திருப்பவரின் கழுத்தும் அதே கோணத்தில் திரும்புகிறது. மீன் பயந்தால் அவர் தோள் சுருங்குகிறது. பாட்டும் அவர்களுடையதே. பொம்மைக்கு மூச்சு வருவது அந்தத் தோளிலிருந்து என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே புரியும்.

2020க்குத் திரும்பலாம். ஜூலையில் பூங்காக்களை மீண்டும் திறந்தார்கள். ராட்டினங்கள் சுற்றத் தொடங்கின, கடைகள் திறந்தன, மேடைகள் பெரும்பாலும் இருட்டிலேயே கிடந்தன. செப்டம்பர் கடைசியில் பூங்காப் பிரிவில் 28,000 பேரை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. அதன் தொடர்ச்சியே அந்த 720. அடுத்த ஆண்டுக் கலைத் திருவிழா சாப்பாட்டை முன்னிறுத்தி நடந்தது, பிராட்வே கச்சேரி இல்லை. லயன் கிங் காட்சி 2021 மே மாதம் திரும்பியது. ஆனால் குரங்கு வித்தைக்காரர்கள் 2022 ஜூலையில்தான் வந்தார்கள். உடம்பை முதலாக வைத்து வித்தை காட்டுகிறவருக்குப் பயிற்சி விட்டுப்போன அந்த இரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது. பூங்காவின் ஒருநாள் சீட்டு நூறு டாலருக்கு மேல். அதில் அந்தப் பறவைப் பெண்ணின் பங்கு எவ்வளவு என்று கேட்க எவருக்கும் வழியில்லை. அவள் பெயரே தெரியாதபோது எப்படிக் கேட்பது?

கேட்கிறவர்கள் இல்லாமல் இல்லை. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பாத்திர வேடமிடுகிறவர்களும் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுமாகச் சுமார் 1,700 பேர் இருக்கிறார்கள். ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேரலாமா என்று 2024 மே மாதம் அவர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 953, எதிர்ப்பு 258. சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு எல்லாம் பேச்சுவார்த்தை மேசைக்கு வர அது வழி திறந்தது. பெயரும் வர வேண்டும் என்பது என் கோரிக்கை. எப்காட்டில் இரண்டு பாடகர்களின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஹராம்பே அரங்குக்கும் அந்த அரை நிமிடத்தைக் கொடுக்கலாம். செயலியில் காட்சி நேரத்துக்குக் கீழே, இந்தக் காட்சியில் பாடுகிறவர்கள், பறக்கிறவர், பொய்க்காலில் நடக்கிறவர், கொக்கி மாட்டுகிறவர் யார் யார் என்று போடலாம்.