தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல்

அமெரிக்காவில் பலர் வெற்றுத் தோட்டாக்கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டா செய்கிறார்கள். பி.காம். படிக்கிற எனக்கு அதில் பிடித்தது, தப்பாய்ப் போனதைப் பிரிக்கிற புல்லட் புல்லர்தான் (எங்கள் பாஷையில் ரீவொர்க்!).

சுத்தியல் மாதிரி இருப்பது மலிவு. தோட்டாவை உள்ளே மாட்டி மரக்கட்டையில் நாலு தட்டு. சுத்தியல் நின்றாலும் குண்டு நிற்காமல் கழன்றுவிடும். பத்து இருபதுக்கு இது போதும். நூறென்றால் கை ஓய்ந்துவிடும், பிரஸ்ஸில் மாட்டும் காலெட் வகையே மேல். ஆனால் குட்டையான ஈயக்குண்டில் அதற்குப் பிடி கிடைக்காது. ரிம்ஃபயர் தோட்டாவைச் சுத்தியலில் போடவே கூடாது. தட்டுகிற அதிர்ச்சியிலேயே வெடிக்கலாம்.

சுட்டே தீர்த்துவிட்டால் என்ன? மருந்து இருமடங்கு விழுந்த ஒன்றே போதும், துப்பாக்கியே சிதறும். பிரித்தால் கூடும் குண்டும் மிச்சம். எந்த மருந்தென்று தெரியாவிட்டால் அதை மட்டும் நஷ்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.